மல்லிகை மொட்டைக் காக்கும் வழி

(புவனகிரியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நெல்லைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். ஏரிப் பாசனம், வாய்க்கால் மராமத்து, விதை, உரம் என்று நம் கூட்டங்களில் அடிபடும் விஷயங்கள் பெரும்பாலும் வயலைச் சேர்ந்தவையே. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு பொருள். விரல் நுனியளவே உள்ள மல்லிகை மொட்டு அது. அந்த மொட்டுக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் பூச்சிகளை எவ்வாறு அடையாளம் காண்பது, எவ்வாறு அடக்குவது என்பதே நாம் இங்கு ஆராய வேண்டிய விஷயம்.

நெல்லுக்கு நடுவே பூ

வீராணம் ஏரியின் தண்ணீரும் வெள்ளாற்றின் படுகையும் நம் பகுதியை நெல் விளையும் சீமையாக ஆக்கியிருக்கின்றன. எனினும் மேட்டுப் பாங்கான துண்டு நிலங்களிலும், கிணற்றுப் பாசனம் உள்ள கொல்லைகளிலும், ஆற்றுப் படுகைகளிலும் மல்லிகையும் முல்லையும் பயிராகின்றன. சிதம்பரத்தில் நடராசப் பெருமானின் திருக்கோயில் இருக்கிறது. புவனகிரியோ இராகவேந்திர சுவாமிகள் பிறந்த ஊர். கோயில் உள்ள இடத்தில் மாலைக்குத் தேவையுண்டு. கலியாணம் நடக்கும் வீடெல்லாம் பூவை எதிர்பார்க்கும். ஆகவே பூவுக்கு இங்கே என்றும் கிராக்கி உண்டு.

நெல் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பணம் தரும். குண்டுமல்லியோ பங்குனி தொடங்கிப் பருவம் முடியும்வரை அன்றாடம் பணம் தருவது. இருபது சென்ட் நிலம் மட்டுமே உடைய குடும்பம் நெல்லை நம்பி வாழ முடியாது. பூவை நம்பி ஓரளவு வாழலாம். நன்றாகப் பேணப்பட்ட தோட்டம் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பலன் கொடுக்கும். விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிக்க வரும் பெண்களுக்கும் அதனால் பிழைப்பு உண்டு. மல்லிகைத் தோட்டத்தில் ஏற்படும் நஷ்டம் ஊரிலேயே சிறிய நிலம் உடையோரையும் நிலமே இல்லாதோரையும்தான் முதலில் தாக்குகிறது. ஊராட்சி இதில் அக்கறை கொள்ள வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஊதா நிறம் என்ன சொல்கிறது?

நல்ல குண்டுமல்லி மொட்டு பால்போல் வெண்மையாக இருக்கும். பூச்சி புகுந்த மொட்டு ஊதா நிறம் காட்டும். பின்னர் வாடி உதிரும். இதைக் கண்டவுடன், "பூவில் புழு விழுந்துவிட்டது" என்று சொல்லிக் கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை வாங்கித் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. ஊதா நிறத்தை உண்டாக்கும் பூச்சி ஒன்றல்ல, இரண்டு என்பதை நாம் கவனிப்பதில்லை. ஒன்று மொட்டுப் புழு. மற்றொன்று மொட்டு ஈ. இரண்டின் பிறப்பும் வளர்ப்பும் வேறு. ஆதலால் அடக்கும் முறையிலும் வேற்றுமை உண்டு.

அடையாளம் காண நுண்பெருக்காடி வேண்டியதில்லை. காலையில் தோட்டத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகப் பத்துச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் கைக்கு வந்தபடி பத்து மொட்டுகளைப் பறித்தால் நூறு மொட்டு ஆகும். அவற்றில் நிறம் மாறியவற்றையும் துளை உள்ளவற்றையும் அடி பருத்தவற்றையும் தனியே பிரித்து, ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் நகத்தாலோ பிளேடாலோ நெடுக்காகக் கீறிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை பழுது, அவற்றில் புழு எத்தனை, ஈயின் குஞ்சு எத்தனை என்று ஒரு நோட்டில் தேதியுடன் எழுதிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அந்த நோட்டே நமக்குக் கூறிவிடும்.

மொட்டுப் புழு

இதன் தாய் ஒரு சிறு அந்துப்பூச்சி. வெண்ணிற இறக்கைகளில் கருமையான அலைக்கோடுகள் ஓடும். மொட்டுகளின்மேல் இது முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு பச்சை நிறமாகவும் கருந்தலை உடையதாகவும் இருக்கும். மொட்டில் வட்டமாகத் துளை செய்து உள்ளே நுழைந்து, இதழையும் நடுவிலுள்ள பாகங்களையும் தின்றுவிடும். கீறிப் பார்த்தால் உள்ளே ஒரே புழுவும் அதன் எச்சமும் காணப்படும்.

ஒரு புழு ஒரு மொட்டோடு நிற்பதில்லை. அது தின்றதும் அடுத்த மொட்டுக்குச் செல்லும்; வளர்ந்து முடிவதற்குள் பல மொட்டுகளைக் கெடுக்கும். தாக்குதல் மிகுந்தால் பக்கத்து மொட்டுகளை நூலாம்படைபோல் பிணைத்துக் கட்டிவிடும். துளை, எச்சம், நூல், ஒற்றைப் பச்சைப் புழு ஆகிய நான்கும் இதன் அடையாளங்கள்.

அந்துப்பூச்சி இரவில் விளக்கை நாடி வரும். ஆதலால் விளக்குப் பொறி வைத்து, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டை இட்டால், தாய்ப்பூச்சிகள் விழுந்து மடியும். வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் நல்ல பலன் தரும். அதைத் தயாரிக்கும் முறையைப் பின்னர் கூறுவோம்.

மொட்டு ஈ

இது கொசுவைப் போன்ற மிகச் சிறிய ஈ. தோட்டத்தில் பறப்பதைக் கண்ணால் காண்பது அரிது. இளம் மொட்டில் முட்டையிடும். ஒரு நாளைக்குள் முட்டை பொரிந்து, குஞ்சுகள் மொட்டுக்குள் புகுந்து சாற்றை உண்ணும். மொட்டின் அடிப்பாகம் வீங்கும். மொட்டு நீளாமல் குட்டையாக நின்று, ஊதா நிறம் பெற்றுக் காய்ந்துபோகும். கீறிப் பார்த்தால் வெண்மையும் இளமஞ்சளுமான சிறு குஞ்சுகள் பல ஒன்றாக நெளிவதைக் காணலாம். கருந்தலையுள்ள ஒற்றைப் புழு இங்கே இராது. வட்டத் துளையும் இராது.

இந்த ஈ நம் நாட்டை மட்டும் வாட்டுவதன்று. ஹவாய்த் தீவிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலும் ஆர்க்கிட் மலர்களின் மொட்டுகளைக் கெடுத்து, அங்குள்ள பூ வியாபாரிகளைக் கலங்க அடித்தது இதே இனந்தான். அங்கே ஆராய்ந்தவர்கள் இதன் வாழ்க்கையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். குஞ்சு மொட்டுக்குள் இருப்பது 5 முதல் 7 நாள்கள். பிறகு அது மொட்டை விட்டுத் துள்ளிக் கீழே விழுந்து, மண்ணுக்குள் சென்று கூட்டுப் புழுவாகிறது. மண்ணில் 14 முதல் 21 நாள்கள் தங்கி ஈயாக வெளிவருகிறது. ஈயாகப் பறந்து திரிவது நான்கு நாளே. ஆக, ஒரு தலைமுறை மூன்று, நான்கு வாரங்களில் முடிகிறது.

இந்தக் கணக்கை நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்த ஈ தன் ஆயுளின் பெரும்பகுதியை மண்ணில் கழிக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை மொட்டுக்குள் கழிக்கிறது. மொட்டின் மேல்தோலில் படும் மருந்து உள்ளே இருக்கும் குஞ்சை எளிதில் எட்டாது. மண்ணுக்குள் உள்ளதைத் தீண்டாது. வாரம் இருமுறை மருந்து அடித்தும் ஈ ஒழியவில்லை என்று பலர் முறையிடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் பழுதான மொட்டு மண்ணைச் சேருமுன் அதைப் பறித்து அப்புறப்படுத்தினால், குஞ்சு மண்ணுக்குள் போகாது. இதை ஒரு மாதம் விடாமல் செய்தால் அடுத்த தலைமுறை பிறக்கும் வழியே அடைபட்டுவிடும்.

அத்துடன் செடியின் அடி மண்ணை அடிக்கடி கிளறிவிட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப் புழு வெயிலில் காய்ந்தும் பறவைகளுக்கு இரையாகியும் அழியும். வேப்பம் பிண்ணாக்குத் தூளை அடிமண்ணில் கலந்து வைப்பது உரமாகவும் உதவும், பூச்சியையும் அண்டவிடாது.

பழுது மொட்டுக்கும் கூலி

பழுது மொட்டைப் பறித்து அப்புறப்படுத்த வேண்டும் என்ற யோசனை புதியதன்று. வேளாண்மைத் துறையாரும் தோட்டக்கலைத் துறையாரும் நெடுநாளாகச் சொல்லிவருவதே. பின்னும் அது தோட்டங்களில் நடைபெறாதது ஏன்? விவசாயிக்கு அறிவு போதவில்லை என்று சிலர் சொல்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. காரணம் கூலி முறையில் இருக்கிறது.

பல தோட்டங்களில் பறிப்புக் கூலி எடைக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. ஒரு கிலோ சேர வேண்டுமானால் ஆயிரக்கணக்கான மொட்டுகளைப் பறிக்க வேண்டும். இருட்டோடு வந்து, வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டிய வேலை. நல்ல மொட்டுக்கு மட்டுமே கூலி என்றால், பறிக்கும் பெண்மணி ஊதா மொட்டைத் தொடுவானேன்? தொட்டால் அவருடைய நேரம் வீணாகிறது. தவறிக் கைக்கு வந்ததையும் காலடியில் போட்டுவிட்டு அடுத்த மொட்டுக்குப் போகிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. காலடியில் விழுந்த அந்த மொட்டிலிருந்துதான் ஈயின் குஞ்சு மண்ணுக்குள் செல்கிறது. ஈக்கு நாம் மருந்து அடிக்கிறோம். அது வளர்வதற்கோ நம் கூலி முறையே இடங்கொடுக்கிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. பறிப்பவர் இடுப்பில் ஒரு மடிக்குப் பதிலாக இரண்டு மடி இருக்கட்டும். ஒன்றில் நல்ல மொட்டு. மற்றொன்றில் பழுது மொட்டு. இரண்டையும் தனித்தனியே நிறுத்து, இரண்டுக்கும் ஒரே கணக்கில் கூலி கொடுக்க வேண்டும்.

"விலை போகாத மொட்டுக்கும் கூலியா?" என்று தோட்டக்காரர் கேட்பது நியாயமே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோ நல்ல மொட்டு பறிக்கும் தோட்டத்தில் ஒரு கிலோ பழுது மொட்டு சேருமானால், பறிப்புக் கூலி பத்தில் ஒரு பங்கு கூடும். தாக்குதல் குறையக் குறைய அந்தச் செலவும் தானே குறையும். மருந்துச் செலவோ அப்படிக் குறைவதன்று. மருந்தின் விலை, தெளிப்பவர் கூலி, தெளிப்பானுக்கு வாடகை, எண்ணெய் ஆகிய இவையெல்லாம் ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் போகின்றன. ஈயோ நான்கு வாரத்தில் திரும்பி வருகிறது. இரண்டையும் ஒரு பருவம் முழுவதும் நோட்டில் எழுதிப் பார்த்த பின் எது இலாபம் என்று தோட்டக்காரரே முடிவு செய்யலாம். பழுது மொட்டின் மடியில் நல்ல மொட்டையும் சேர்த்து எடையைக் கூட்டுவார்களோ என்ற ஐயமும் வேண்டியதில்லை. வெண்மையும் ஊதாவும் கலந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மேலும் இரண்டுக்கும் ஒரே கூலி என்னும்போது கலப்பதால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

சேர்த்த பழுது மொட்டை வரப்பிலோ குப்பைக் குழியிலோ கொட்டலாகாது. அங்கிருந்தும் பூச்சி வெளிவரும். கனமான பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் சில நாள் போட்டுவைத்தால் உள்ளிருப்பவை வெந்து மடியும். அதன் பின் ஆழமாகப் புதைத்துவிடலாம்.

இலையில் காணும் பகைகள்

மொட்டுப் பூச்சிகளோடு இலையைத் தாக்கும் சில பூச்சிகளையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் நிழல் விழும் இடங்களில், அடர்ந்த செடிகளின் கீழ்ப்பகுதியில் இலை பிணைக்கும் புழு தோன்றும். பச்சைப் புழுவான இது இலைகளை நூலால் பிணைத்து உள்ளே தங்கி, நரம்பை மட்டும் விட்டுப் பசுமையைச் சுரண்டித் தின்னும். பிணைந்த இலைகளைக் கிள்ளி எடுத்து அழிப்பதே முதல் வேலை. செடிக்குள் காற்றும் வெளிச்சமும் புகும்படி செய்தால் இது பெருகாது.

கோடையில் வெயில் உறைக்கும்போது வருவது சிலந்திப் பேன். இலையின் மேற்பரப்பில் வெளிறிய புள்ளிகள் தோன்றிப் பின் இலை பழுப்பாகி உதிரும். இலைக்குக் கீழே வெள்ளைக் காகிதத்தை ஏந்தித் தட்டினால், ஊசிமுனை போன்ற செந்நிறப் புள்ளிகள் காகிதத்தில் ஊர்வதைக் காணலாம். இதற்கு நனையும் கந்தகத் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் கலந்த மருந்து தெளித்த சில வாரங்களுக்குள் கந்தகம் தெளிப்பதும் தீங்கு செய்யும்.

சில செடிகளில் இலையிலும் இளந்தண்டிலும் வெண்ணிறக் கம்பளம் போர்த்தியது போல் மயிர் அடர்ந்து காணப்படும். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப் பேன் செய்யும் வேலை இது. அத்தகைய கிளைகளை வெட்டி எரித்துவிட வேண்டும். முல்லை பயிரிடுவோர், இதைத் தாங்கும் தன்மையுள்ள பாரிமுல்லை இரகத்தை நாடலாம்.

இலை மஞ்சளானால் எல்லாம் பூச்சியின் வேலை என்று எண்ணிவிடலாகாது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி வெளிறினால் அது இரும்புச் சத்துக் குறைவு. பூச்சி மருந்தால் அது தீராது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் இரும்பு சல்பேட் கலந்து தெளித்தால் பச்சை திரும்பும். செடி முழுவதும் வாடினால் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வேரடியைப் பார்க்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்துக் கர்தேனியா

பள்ளிக்கூடத் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கர்தேனியா என்னும் செடியை இப்போது பலர் வளர்க்கிறார்கள். வங்காளத்தில் இதைக் கந்தராஜ் என்பர். வெள்ளைக்காரர் இதை ஒருவகை மல்லிகை என்றே அழைத்தார்கள். மணமும் வெண்மையும் ஒத்திருந்தாலும் இது மல்லிகைக் குடும்பமன்று. காப்பிச் செடியும் இட்லிப் பூவும் சேர்ந்த குடும்பம்.

இதைத் தாக்குபவை பெரும்பாலும் சாறு உறிஞ்சும் பூச்சிகள். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி என்பன அவை. இலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற பிசுபிசுப்பான கழிவை வெளியிடும். அதன்மேல் கரிபடிந்தது போல் கரும்பூசணம் படரும். மல்லிகையிலும் வெள்ளை ஈயால் இதே நிலை ஏற்படுவதுண்டு. இலையில் கரியைக் கண்டதும் நோய் என்று எண்ணிப் பூசண மருந்து அடிப்பது வீண். பூச்சி போனால் கரியும் போகும்.

செடியில் எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் இலையடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த இனிய கழிவுக்காக எறும்பு இப்பூச்சிகளைக் காவல் காத்து நிற்கும். எறும்பைத் தடுத்தால் பொறிவண்டும் பச்சை இறக்கைப் பூச்சியும் வந்து இவற்றைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு செடிகளே உள்ள இடத்தில் சோப்புக் கரைசலில் தோய்த்த துணியால் இலையடியைத் துடைப்பதே போதும். வெள்ளை ஈ பறக்கும் தோட்டத்தில் மஞ்சள் நிற ஒட்டுப் பொறிகளைக் கட்டித் தொங்கவிடலாம்.

மருந்தைப் பற்றி

இனி மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். நெல்லுக்கு மருந்து தெளித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று கணக்கு உண்டு. மல்லிகைக்கு அந்த இடைவெளி எங்கே? இன்று மாலை தெளிக்கிறோம். நாளை விடியலில் பறிக்கிறோம். நஞ்சு படிந்த அந்த மொட்டு முதலில் பறிப்பவர் விரலில் படுகிறது. பின்பு மாலை கட்டுவோர் கையிலும், நம் வீட்டுப் பெண்கள் கூந்தலிலும் சேர்கிறது. மாலை தொடுக்கும்போது நாரைப் பல்லால் கடித்து இழுப்பவர்களையும் நாம் பார்க்கிறோம். ஆகவே அன்றாடம் பறிக்கும் பயிருக்கு நஞ்சைத் தெளிக்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும்.

பூச்சி மருந்தின் கொடுமையை நம் நாடு பட்டறிந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில், கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்னும் மருந்து கலந்துவிட, அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த விபத்துக்குப் பின்னரே இதனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் எங்கும் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. நேற்றுவரை நல்லதென்று விற்கப்பட்டது இன்று தடைப்பட்டுப் போவது உண்டு. ஆதலால் பழைய பழக்கத்தை வைத்து மருந்து வாங்குதல் கூடாது.

டப்பாவின்மேல் முக்கோண அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அந்த மருந்து எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று உடன் வரும் சீட்டில் அச்சிட்டிருக்கும். நம் பயிர் அதில் இல்லையென்றால் அது நமக்குரிய மருந்தன்று. எதைத் தெளிப்பது என்ற யோசனையைத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். கீறிப் பார்த்த மொட்டையும் எழுதிய நோட்டையும் உடன் கொண்டு சென்றால் சரியான யோசனை கிடைக்கும். நம் அருகிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலமும், விருத்தாசலத்தில் வேளாண்மை அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வாங்கிய மருந்துக்கு ரசீது பெறாமல் கடையை விட்டு இறங்கலாகாது.

கண்டபடி மருந்து தெளிப்பதால் மற்றொரு கேடும் விளைகிறது. தோட்டத்துச் சிலந்தியும் பொறிவண்டும் நமக்குக் கூலியின்றி உழைக்கும் காவலாளிகள். அவை முதலில் மடிகின்றன. அதன் பின் சிலந்திப் பேன் முன்னிலும் பன்மடங்காகப் பெருகுகிறது.

வேப்பங்கொட்டைச் சாறு நாமே தயாரிக்கத்தக்கது. பத்து லிட்டர் தெளிப்புக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டிப் பத்து லிட்டராக்கிக்கொள்ள வேண்டும். சாறு இலையில் ஒட்டும்பொருட்டு 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். மிகப் பழைய கொட்டையில் வீரியம் இராது. எட்டு மாதத்துக்கு உட்பட்டதையே எடுக்க வேண்டும். மாலையில், அன்றைய பறிப்பெல்லாம் முடிந்த பின், அன்றே தயாரித்ததை அன்றே தெளிக்க வேண்டும்.

கவாத்தும் கிராம சபையும்

குண்டுமல்லிக்குக் கவாத்து செய்யும் காலம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். காய்ந்த, நோயுற்ற, கம்பளம் படிந்த கிளைகளை எரித்து, செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரம் இட வேண்டும். நம் மாவட்டத்தில் அது வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமாகையால், மழை விட்ட நாளாகப் பார்த்து, தண்ணீர் வடிந்த பின் வெட்ட வேண்டும். கவாத்தினால் பூச்சிக்குத் தங்குமிடமும் உணவும் இல்லாமற் போகிறது.

ஆனால் ஒரு தோட்டத்தை வெட்டிப் பக்கத்துத் தோட்டத்தை வெட்டாமல் விட்டால், ஈயும் அந்தும் வேலி தாண்டிப் போய் அங்கே காத்திருந்து, நமது தோட்டத்தில் புது மொட்டு வந்ததும் திரும்பிவிடும். உரிமையாளர் வெளியூரில் இருக்க, கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு தோட்டம் ஊர் முழுவதற்கும் பூச்சி வளர்க்கும் பண்ணையாக இருக்கிறது. தனி மனிதரால் இதற்குப் பரிகாரம் காண இயலாது. இங்கேதான் ஊராட்சி முன்வர வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினமாகக் கொண்டாடப்பட்டு, அன்று கிராம சபை கூடுகிறது. கவாத்துக்கு அது ஏறக்குறைய மூன்று வாரம் முந்திய நாள். மல்லிகை பயிராகும் ஊர்களில் அந்தச் சபையில் பூ விவசாயிகளும் பறிப்புத் தொழிலாளர்களும் வந்திருந்து நான்கு விஷயங்களை முடிவு செய்துகொள்ளலாம்.

முதலாவது, ஊரிலுள்ள எல்லாத் தோட்டங்களிலும் ஒரே வாரத்தில் கவாத்து செய்வது. இரண்டாவது, பழுது மொட்டுக்கும் நல்ல மொட்டின் கணக்கிலேயே கூலி கொடுப்பது. மூன்றாவது, கைவிடப்பட்ட தோட்டத்தின் உரிமையாளருக்குச் சொல்லி அனுப்பி, அவர் இசைவு பெற்றுச் செடிகளை வெட்டிச் சுத்தம் செய்வது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அதை ஏற்றுக்கொள்ள முன்வரலாம். நான்காவது, காலியான மருந்து டப்பாக்களைக் குளத்திலும் வாய்க்காலிலும் எறியாமல் தடுப்பது. அந்தக் குளத்தில் நம் மாடும் கன்றும் தண்ணீர் குடிக்கின்றன.

பறிப்புத் தொழிலாளர்கள் என்று நாம் சொன்னதை ஊராட்சி உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டத்தில் ஒவ்வொரு மொட்டையும் நாள் தவறாமல் கண்ணால் பார்த்துக் கையால் தொடுபவர் அவர்தாம். எந்த மூலையில் ஊதா நிறம் முதலில் தோன்றியது என்பதை உரிமையாளரைவிட, அதிகாரியைவிட, மருந்துக் கடைக்காரரைவிட அவரே நன்கு அறிவார். அவரைச் சபைக்கு அழைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் உழைப்புக்கு உரிய கூலியையும் கொடுத்தால், நமக்கு அதைவிடச் சிறந்த பூச்சிக் கண்காணிப்பு கிடைக்காது.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் ஊர்ப் பூவுக்கு அத்தகைய விருது ஏதும் இல்லாவிடினும், சிதம்பரம் கடைத்தெருவில் நஞ்சு படியாத, பழுதில்லாத மொட்டு என்று ஒரு நல்ல பெயரை நாம் ஈட்ட முடியும். அதற்குப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே நூறு மொட்டைக் கீறிப் பார்ப்போம். கண்டதை நோட்டில் எழுதுவோம். பறிக்க வருவோரிடம் இரண்டாவது மடியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, அதற்கும் கூலி உண்டென்று அப்போதே உறுதி கூறுவோம். ஒரு மாதம் கழித்து நாம் மீண்டும் கூடும்போது அந்த நோட்டுகளைத் தவறாமல் எடுத்து வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம்.